தோத்தது நாமளா, சீட்டா?

இந்த எபிசோடை ஒரு பழைய டைரியிலேருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கப்பா ஒரு தனியார் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பார்த்தவர். 2001ல வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வந்தார். கையில வந்த பணத்துல ரிச்சி ஸ்ட்ரீட் போய் எனக்குப் படிக்கிறதுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்கிட்டு வந்தார். ரெண்டே வாரத்துல அது அவரோட கம்ப்யூட்டர் ஆயிடுச்சு. விண்டோஸ் 98. இன்டர்நெட் கிடையாது. ஆனா ஃப்ரீசெல் இருந்துச்சு. காலையில பேப்பர் படிச்சு முடிச்சதும் உட்காருவார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டு மூணாவது தடவை கத்தும்போதுதான் எழுந்திரிப்பார்.

அக்கவுன்ட்ஸ் ஆள் இல்லையா, ஆட்டத்துக்கும் கணக்கு எழுதினார். பேங்க்ல ஓசியில கொடுத்த டைரி. இடது பக்கம் ஆட்ட நம்பர், வலது பக்கம் டிக் அல்லது கிராஸ். கிராஸ் போட்ட இடத்துலயெல்லாம் பக்கத்துல ‘சீ.ச.’ன்னு எழுதியிருப்பார். அது என்னப்பான்னு கேட்டா, "சீட்டு சரியில்லை".

போன வருஷம் வீடு மாத்தும்போது அந்த டைரி கிடைச்சது. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 1,126 ஆட்டம், அதுல 47 கிராஸ். 47லயும் சீ.ச. அதாவது அவர் கணக்குப்படி அவர் தப்பால ஒரு ஆட்டம்கூடத் தோக்கலை.

சீட்டு விளையாடுற எல்லாரும் சொல்ற விஷயம்தான் இது. கல்யாண மண்டபத்துல விடிய விடிய ரம்மி ஆடுற மாமாக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. ஆனா அப்பா டைரியில ஒரு விசேஷம் இருக்கு. அதுல நம்பர் இருக்கு. மண்டபத்துல ஒரு தடவை கலைச்சுப் போட்ட சீட்டு அதோட போச்சு, திரும்ப அதே அடுக்கு வரவே வராது. ஃப்ரீசெல்ல அப்படி இல்லை. நம்பர் தெரிஞ்சா இருபது வருஷம் கழிச்சும் அதே 52 சீட்டு, அதே வரிசையில வரும். அதனால அப்பா சொன்னது நிஜமான்னு செக் பண்ண முடியும். தோத்தது ஆளா, சீட்டாங்கற இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய கணித மேதைகளே தூக்கிட்டு அலைஞ்சிருக்காங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல 1946. ஸ்டானிஸ்லாவ் உலாம்னு ஒரு போலந்து கணித அறிஞர். அமெரிக்கா லாஸ் அலமோஸ்ல அணுகுண்டுத் திட்டத்துல வேலை பார்த்தவர். மூளையில வீக்கம் வந்து, ஆபரேஷன் நடந்து, ஓய்வுல இருக்கார். பொழுது போகணுமே, கேன்ஃபீல்டுன்னு ஒரு வகை சாலிடேரை உட்கார்ந்து ஆடிட்டே இருக்கார். கணக்கு வாத்தியாருக்கு சும்மா ஆட வருமா? 52 சீட்டைக் கலைச்சுப் போட்டா ஆட்டம் கடைசி வரைக்கும் முடியறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கணக்கு போட ஆரம்பிச்சார். சூத்திரம் கட்டிப் பார்த்தார், தலை சுத்துச்சு. அப்போ ஒரு யோசனை. எதுக்கு சூத்திரம்? 100 தடவை ஆடிப் பார்த்து, எத்தனை தடவை முடியுதுன்னு எண்ணிட்டாப் போதாதா?

கேக்க சாதாரணமா இருக்கு. ஆனா அப்பதான் கம்ப்யூட்டர்கள் வர ஆரம்பிச்ச காலம். 100 தடவை ஆடற வேலையை மெஷின்கிட்ட கொடுக்கலாம். சீட்டுக்குப் பதிலா நியூட்ரானையும் இதே மாதிரி ஓட விட்டுப் பார்க்கலாம். உலாம் இதை ஜான் வான் நியூமன்கிட்ட சொன்னார். அவர் அதை எனியாக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டு போனார். கூட வேலை பார்த்த நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் இதுக்கு ‘மான்டே கார்லோ’ன்னு பேர் வெச்சார். உலாமோட மாமா ஒருத்தர் சொந்தக்காரங்ககிட்ட கடன் வாங்கிட்டு அந்த ஊர் சூதாட்ட கிளப்புக்குப் போறவராம், அதனால. இன்னைக்கு ஷேர் மார்க்கெட் ரிஸ்க்லேருந்து அனிமேஷன் படத்துல வெளிச்சம் விழற விதம் வரைக்கும் இந்த முறைதான்.

சரி, சாலிடேர் கேள்வி என்னாச்சு? அது அப்படியே நின்னுடுச்சு. நான் 100 தடவை ஆடி 30 தடவை ஜெயிச்சா, மீதி 70ம் முடியவே முடியாத ஆட்டமா, இல்லை எனக்கு ஆடத் தெரியலையா? எண்ணிப் பார்த்தா என்னோட ஜெயிப்புதான் தெரியும், சீட்டோட யோக்கியதை தெரியாது. எங்கப்பாவோட சீ.ச. பிரச்சினையேதான் இதுவும்.

அடுத்து 1978. அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகம். அங்கே பிளேட்டோன்னு ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க் இருந்தது. பாடம் நடத்தறதுக்காகக் கட்டினது, ஆரஞ்சு நிறத்துல ஒளிர்ற திரை. பசங்க கைல கொடுத்தா பாடம் மட்டுமா நடக்கும்? பால் ஆல்ஃபில்னு ஒரு மருத்துவ மாணவர் அதுல ஒரு சீட்டாட்டம் எழுதினார். அதுதான் ஃப்ரீசெல்.

அவர் எதையும் புதுசா கண்டுபிடிக்கலை. பேக்கர்ஸ் கேம்னு ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருந்தது. 1968ல மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில எழுதினது. 52 சீட்டையும் முகம் தெரியற மாதிரி 8 வரிசையில போடணும். சீட்டைத் தற்காலிகமா வைக்க 4 காலி இடம். ஏஸ்லேருந்து ராஜா வரைக்கும் ஒவ்வொரு ஜாதியா மேல ஏத்தணும். வரிசைக்குள்ள சீட்டை இறங்குமுகமா அடுக்கும்போது ஒரே ஜாதியாத்தான் அடுக்கணும், ஸ்பேடு ஒன்பது மேல ஸ்பேடு எட்டு. ஆல்ஃபில் மாத்தினது இந்த ஒரே ஒரு விதிதான். ஒரே ஜாதி வேணாம், கறுப்பு சிவப்பு மாத்தி மாத்தி வெச்சாப் போதும்.

இது ஒரு வரி மாற்றம்தான். ஆனா பழைய ஆட்டத்துல நாலுல ஒரு டீல் முடியவே முடியாது. (டீல்னா, ஒரு தடவை கலைச்சுப் போட்டா வர்ற அடுக்கு.) புது விதியில கிட்டத்தட்ட எல்லா டீலும் முடியும். ஆல்ஃபில் இன்னொண்ணும் பண்ணார். தொடர்ச்சியா அதிகத் தடவை ஜெயிச்சவங்களோட பட்டியலை அந்த ப்ரோகிராமே வெச்சிருந்தது. என்னைக் கேட்டா டிசைன்ல இதுதான் கில்லாடித்தனம். நாலுக்கு ஒண்ணு தானா தோக்கற ஆட்டத்துல தொடர் வெற்றிப் பட்டியல் வெறும் லாட்டரி. எல்லாமே ஜெயிக்கலாம்னா, ஒவ்வொரு தோல்வியும் உன் பேர்ல விழும். எந்தச் சீட்டும் கவிழ்ந்து இல்லை, ஒளிஞ்சிருக்க இடமே இல்லை.

கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல அதே பிளேட்டோவுல இதை ஆடின ஒருத்தர் ஜிம் ஹார்ன். 1988ல டாஸ் சிஸ்டத்துக்கு எழுதினார், அப்புறம் மைக்ரோசாஃப்ட்ல வேலைக்குப் போய் விண்டோஸுக்கும் எழுதினார். விண்டோஸ் 95 கூடவே அது உலகம் பூரா போச்சு. அவர்தான் டீல்களுக்கு 1லேருந்து 32,000 வரைக்கும் நம்பர் கொடுத்தவர். அந்த நம்பரை ஒரு சூத்திரத்துல போட்டா சீட்டு கலையற வரிசை வரும். அதே நம்பர், அதே வரிசை, எந்த ஊர் கம்ப்யூட்டரா இருந்தாலும். 52 சீட்டை அடுக்கற மொத்த வழிகளை எழுதினா 68 இலக்க எண் வரும். அதுலேருந்து 32,000ஐ மட்டும் எடுத்து வாசல்ல வெச்ச மாதிரி.

கூடவே ஹெல்ப் ஃபைல்ல ஒரு குறிப்பு. எல்லா ஆட்டமும் ஜெயிக்கக்கூடியதுன்னு நம்பப்படுது, ஆனா நிரூபிக்கப்படலைங்கற அர்த்தத்துல. யோசிச்சுப் பாருங்க, ஒரு கம்பெனி சாஃப்ட்வேர்ல ‘இது இன்னும் நிரூபிக்கப்படலை’ன்னு எழுதி வெச்சா, சும்மா இருப்பாங்களா?

இருக்கலை. 1994 ஆகஸ்ட்ல டேவ் ரிங்னு ஒருத்தர் இன்டர்நெட்ல ஆள் திரட்டினார். 100 பேருக்கு மேல வந்தாங்க. 32,000 ஆட்டத்தையும் நூறு நூறா பிரிச்சுக் கொடுத்தார். எல்லாம் கையால, மவுஸ் புடிச்சு ஆடினது. ஒருத்தரால முடியலைன்னா அந்த நம்பர் அடுத்தவர்கிட்ட போகும், அவராலயும் முடியலைன்னா இன்னொருத்தர்கிட்ட. 1995 ஏப்ரல்ல ஒரே ஒரு நம்பர் மிச்சம். 11982.

அந்த டீலைத் திறந்து பாருங்க, பார்த்தாலே பயமா இருக்கும். நாலு ஏஸ்ல மூணு, வரிசைகளோட அடிமட்டத்துல புதைஞ்சு கிடக்கு. நாலாவது ஏஸ் அடியிலேருந்து ரெண்டாவது. அதே மாதிரி ஏஸ் புதைஞ்சு கிடந்தும் முடிஞ்ச டீல்கள் உண்டு, ஆனா இது முடியலை. பிறகு ப்ரோகிராம் எழுதி, சாத்தியமான எல்லா நகர்த்தலையும் தேடிப் பார்த்து, இதுக்கு வழியே இல்லைன்னு உறுதிப்படுத்தினாங்க. விண்டோஸ் எக்ஸ்பி வந்தப்போ நம்பர் 10 லட்சம் வரைக்கும் நீண்டுச்சு. அந்த 10 லட்சத்துல முடியாதது மொத்தம் 8 தான்.

நம்பர் போட்ட ஒரு சின்ன முடிவு, வீட்ல உட்கார்ந்து பொழுது போக்கினவங்களை ஆராய்ச்சியாளர்களா மாத்திடுச்சு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

இதுக்கப்புறம் நிஜ ஆராய்ச்சியாளர்கள் உள்ளே வந்தாங்க. 2000ல செயற்கை நுண்ணறிவுல திட்டமிடும் ப்ரோகிராம்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டி நடந்தப்போ, கொடுத்த பரீட்சைகள்ல ஃப்ரீசெல்லும் ஒண்ணு. ஏன் இதுன்னு கேட்டா, நம்ம அபார்ட்மென்ட் பார்க்கிங்கை நினைச்சுக்கோங்க. உள்ளே மாட்டின காரை எடுக்கணும்னா முன்னாடி நிக்கிற மூணு காரை நகர்த்தணும். நகர்த்தி வைக்க நாலே இடம். அவசரத்துல நாலையும் அடைச்சுட்டா எல்லாரும் மாட்டிக்கிட்டோம். வேர்ஹவுஸ், துறைமுகத்துல கன்டெய்னர் அடுக்கறது எல்லாமே ஏறக்குறைய இந்த மாதிரி தலைவலிதான். 2011ல இஸ்ரேல்ல பென் குரியன் பல்கலைக்கழகத்துல ஒரு குழு, பரிணாம முறையில தலைமுறை தலைமுறையா தன்னைத் திருத்திக்கிற ஒரு ஃப்ரீசெல் ப்ரோகிராமை உருவாக்கினாங்க. அது அந்த 32,000ல 98 சதவீதத்தை முடிச்சது, விருதும் வாங்கினாங்க. எங்கப்பா டைரிப்படி அவர் சுமார் 96 சதவீதம். சும்மா சொல்லி வைக்கிறேன்.

இப்போ அந்த இன்னொரு ஆட்டம். நாம வெறுமனே சாலிடேர்னு சொல்ற, கவிழ்த்துப் போட்ட சீட்டோட வர்ற ஆட்டம். அதுக்கு சரியான பேர் கிளாண்டைக். 1990ல விண்டோஸ் 3.0 கூட வந்தது. எழுதினவர் வெஸ் செர்ரி, அப்போ மைக்ரோசாஃப்ட்ல இன்டர்ன். சீட்டுப் படங்களை வரைஞ்சவர் சூசன் கேர். முதலாளி வந்தா திரையை மறைக்க செர்ரி ஒரு பட்டனும் வெச்சிருந்தாராம், கம்பெனி அதை எடுக்கச் சொல்லிடுச்சு. இருந்திருந்தா 2006ல ஒருத்தர் வேலை தப்பிச்சிருக்கும். நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க், ஒரு ஊழியரோட திரையில சாலிடேரைப் பார்த்துட்டு அவரை வேலையை விட்டே அனுப்பினார்.

கோடிக்கணக்கான பேர் ஆடின ஆட்டம். ஆனா இதுல எத்தனை சதவீதம் ஜெயிக்கக்கூடியதுன்னு யாருக்கும் தெரியாது. பெர்சி டயகோனிஸ்னு ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர், சின்ன வயசுல மேஜிக் ஷோ பண்ணவர், இது கணிதத் துறைக்கே வெட்கக்கேடுன்னு சொல்லிட்டிருந்தார். அவரும் மூணு பேரும் சேர்ந்து எழுதின ஒரு ஆய்வுக் கட்டுரையில ஒரு தகவல் வருது. பெயர் சொல்லாத ஒரு பெரிய கணித நிபுணர், எல்லாச் சீட்டையும் திறந்து வெச்சு ஆடற வகையில 2,000 ஆட்டம் ஆடிக் குறிப்பு எழுதி வெச்சிருக்கார். ஒரு ஆட்டத்துக்கு சராசரி 20 நிமிஷம். கணக்கு போட்டுப் பாருங்க, 660 மணி நேரத்துக்கு மேல. எங்கப்பாவுக்கு அங்கே ஒரு அண்ணன் இருந்திருக்கார். அந்த மனுஷன் ஜெயிச்சது 36.6 சதவீதம். அவங்க எழுதின ப்ரோகிராம் அதே வகையில சுமார் 70 சதவீதம் ஜெயிச்சது.

அப்போ அந்த நிபுணர் தோத்ததுல பாதிக்கு மேல சீட்டோட தப்பு இல்லை. 2,000 ஆட்டத்தையும் குறிப்பெடுத்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி யோசிப்பேன்.

அப்புறம் 2019ல ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துல சார்லி பிளேக், இயன் ஜென்ட்னு ரெண்டு பேர், சால்விடேர்னு ஒரு ப்ரோகிராம் எழுதி, 30 வகை சாலிடேர்களுக்கு விடை கண்டுபிடிச்சாங்க. கிளாண்டைக்குக்கு சுமார் 82 சதவீதம். பிழை 0.1 சதவீதத்துக்கும் கம்மி.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க, ஏன்னா இந்த 82ஐ நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. இது எல்லாச் சீட்டும் தெரிஞ்சா முடிக்கக்கூடிய ஆட்டங்களோட கணக்கு. நிஜத்துல சீட்டு கவிழ்ந்து இருக்கு. ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல ஒரு குழு, 2009ல சீட்டை மறைச்சே ஆடற ப்ரோகிராம் எழுதினாங்க. அது ஜெயிச்சது 35 சதவீதம் சொச்சம். அவங்க பயன்படுத்தின வழி என்ன தெரியுமா? மான்டே கார்லோ. உலாம் படுக்கையில இருந்தப்போ தோணினது, சுத்தி வந்து சீட்டுக்கட்டுக்கே திரும்பிடுச்சு.

82க்கும் 35க்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளியில என்ன நடக்குது? வழி இருக்கும். ஆனா அந்த நேரத்துல உன் கண்ணுக்குத் தெரிஞ்சதை வெச்சு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்பேடு ராணியை எடுத்திருக்கணும், நீ ஹார்ட்டின் ஜாக்கை எடுத்தே. ரெண்டும் சமமாத்தான் தெரிஞ்சது. இது உன் தப்பா? ‘தோத்தது நாமளா, சீட்டா’ங்கற கேள்விக்கு ரெண்டே பதில்தான் இருக்குன்னு நான் நினைச்சிருந்தேன். மூணாவது ஒண்ணு இருக்கு.

நம்ம ஊர்ல இந்தக் கேள்வி கோர்ட் வரைக்கும் போனது உங்களுக்குத் தெரியும். ரம்மி விவகாரத்துல. 1967 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட், ஆந்திரா வழக்கு ஒண்ணுல, ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை, விழற சீட்டை ஞாபகம் வெச்சுக்கணும், எதை வெச்சுக்கறது எதைப் போடறதுன்னு திறமை வேணும்னு சொல்லிச்சு. அந்தத் தீர்ப்பைப் பிடிச்சுத்தான் ஆன்லைன் ரம்மி ஆப்கள் எல்லாம் நின்னுச்சு. 2022ல தமிழ்நாடு சட்டம் கொண்டு வந்தது, 2023ல சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிட்டு ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலேருந்து விலக்கிச்சு. 2025ல மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவா இருந்தாலும் ஆன்லைன்ல பணம் கட்டி ஆடக்கூடாதுன்னு முடிச்சுடுச்சு.

எனக்கு இதுல உறுத்தறது ஒண்ணுதான். திறமை ஆட்டம்னு சொல்றப்போ, தோத்தவன் காதுல அது ‘உனக்குத் திறமை போதலை, இன்னொரு கை ஆடு’ன்னு விழும். பணத்தை விட்டவன்கிட்ட சொல்லக் கூடாத வார்த்தை அது. சாலிடேர்ல அதைச் சொன்னா ஒரு காலை நேரம் போகும். ரம்மி ஆப்ல சொன்னா வீடு போகும். அங்கே நம்பரும் கிடையாது. நேத்து ராத்திரி தோத்த கையைத் திரும்ப எடுத்து, சீட்டு சரியில்லையா, நான் சரியில்லையான்னு பார்க்க வழியில்லை.

சரி, டைரிக்கு வர்றேன்.

47 நம்பரையும் பழைய விண்டோஸ் நம்பர் ஏத்துக்கற ஒரு சைட்ல ஒண்ணொண்ணா போட்டுப் பார்த்தேன். 11982 அதுல இல்லை. அதாவது 47ம் ஜெயிக்கக்கூடியவை. சீ.ச. ஒண்ணுகூட நிஜம் இல்லை.

சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்பாவுக்கு இப்போ 76. அந்த வருஷங்கள்ல அவர் எதுக்காக அவ்வளவு நேரம் அந்தத் திரை முன்னாடி உட்கார்ந்தார்னு இப்போ எனக்குக் கொஞ்சம் புரியுது. ஐம்பது சொச்சம் வயசுல வேலை போறது, அதுக்கு ‘விருப்ப’ ஓய்வுன்னு பேர் வெக்கறது, அதுல யார் தப்புன்னு யாரும் கணக்கு போட்டுச் சொல்லலை. சீ.ச.ன்னு எழுத அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்துச்சோ என்னவோ.

கடைசியில சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அந்த முடியாத நம்பர் என்ன சொன்னே, அதைப் போடு"ன்னார். லேப்டாப்ல 11982ஐத் திறந்து கொடுத்தேன். கண்ணாடியை ஏத்திவிட்டு ஒரு பத்து நிமிஷம் பார்த்தார், ஒரு சீட்டைக்கூட நகர்த்தலை. "மூணு ஏஸும் அடியில கிடக்கு. சீட்டு சரியில்லை"ன்னார்.

அப்புறம் டைரியை வாங்கி முதல் கிராஸ் இருக்கற பக்கத்தைத் திருப்பினார். இந்த எபிசோடு ரெக்கார்ட் பண்ற வரைக்கும் 47ல 19 டிக் ஆயிருக்கு. பழைய கிராஸை அடிக்கலை, பக்கத்துல பச்சை பேனாவுல தேதியோட டிக் போடறார்.